உள்நாட்டுப் போரின் நிழல் – 19: ஒரே பெயர், வேறு ஆள்

2025 ஜூன் 10. அமெரிக்கத் தரைப்படைக்கு 250 வயது நிறைவதையொட்டி, வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் முகாமில் கூடியிருந்த வீரர்கள் முன் அதிபர் டிரம்ப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே ஓர் அறிவிப்பு வந்தது. 2023இல் பெயர் மாற்றப்பட்ட முகாம்களுக்குப் பழைய பெயர்களே திரும்பி வருகின்றன. பிக்கெட், ஹூட், கார்டன், ரக்கர், போல்க், ஏ.பி. ஹில் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியாக ‘ஃபோர்ட் ராபர்ட் ஈ. லீ’ என்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

அதே நாளில் ராணுவத் தலைமையகம் வெளியிட்ட அறிக்கையில் ராபர்ட் ஈ. லீயைக் காணோம். வர்ஜீனியா முகாம் மீண்டும் ‘ஃபோர்ட் லீ’ ஆவது உண்மைதான், ஆனால் அந்த லீ, ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பினச் சிப்பாய் என்றது அறிக்கை. 1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரின்போது கியூபாக் கடற்கரையில் காயம்பட்டுக் கிடந்த தோழர்களை மீட்டு வந்ததற்காக, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர் அவர்.

அதிபர் மேடையில் சொன்னது ஒரு லீ, கோப்பில் இருந்தது இன்னொரு லீ. இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டுக் கதை இருக்கிறது.

சென்ற வாரம் 1865 ஏப்ரலில், அப்போமாட்டாக்ஸில் தெற்கின் தளபதி ராபர்ட் ஈ. லீ சரணடைந்த இடத்தில் நிறுத்தினோம். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்துவிட்டு அந்த உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. தோற்ற தரப்பின் தளபதிகளின் பெயர், வென்ற தரப்பின் ராணுவ முகாம்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது? உலக வரலாற்றில் இப்படி ஒன்றை அதிகம் பார்க்க முடியாது. தன்னை எதிர்த்து வாளெடுத்தவர்களின் பெயரைத் தன் பாசறை வாசலில் தானே எழுதி வைத்துக்கொண்ட படை அது.

விடை 1917இல் இருக்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், லட்சக்கணக்கான இளைஞர்களைத் திரட்டிப் பயிற்சி தர இடம் தேவைப்பட்டது. தெற்கில் நிலம் மலிவு, குளிர்காலம் கடுமையில்லை. எனவே முகாம்கள் தென்மாநிலங்களில் முளைத்தன. பெயர் வைப்பதற்குப் போர்த்துறை சில விதிகளை வகுத்தது. வடமாநிலத்துப் படைப்பிரிவு பயிலும் முகாமுக்கு வடக்கின் தளபதி பெயர், தென்மாநிலத்துப் படைப்பிரிவு பயிலும் முகாமுக்குத் தெற்கின் தளபதி பெயர். முகாம் அமையும் வட்டாரத்து மக்கள் முகம் சுளிக்காத பெயராக இருக்க வேண்டும். கூடவே இன்னொன்று: பெயர் சுருக்கமாக இருக்கட்டும், எழுத்தர்களுக்கு வேலை மிச்சம்.

வட்டாரத்து மக்கள் என்று அவர்கள் சொன்னது வெள்ளையரை. அந்த வட்டாரங்களில் பெருந்தொகையாக வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை பெயரளவில்தான் இருந்தது. பேருந்தில், பள்ளியில், உணவகத்தில், கல்லறையில்கூட நிறப் பிரிவினை நிலவிய காலம். போரில் தோற்றுப்போன தெற்கு, ‘நாங்கள் அடிமை முறைக்காகப் போரிடவில்லை, மாநில உரிமைக்காகவே போரிட்டோம்’ என்ற புதுக்கதையைப் பாடநூல்களிலும் சிலைகளிலும் நிறுவிக்கொண்டிருந்தது. வடக்குக்கோ தெற்கின் ஆள்பலம் தேவை. கறுப்பின மக்களின் தலைக்கு மேலேயே இரண்டு தரப்பு வெள்ளையரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தக் கைகுலுக்கலின் ரசீதுகளாகவே இந்த முகாம் பெயர்கள் மிஞ்சின. இரண்டாம் உலகப் போரின்போது இதே வழக்கத்தில் மேலும் சில சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒன்பது பெரிய முகாம்கள், அன்று பிரிந்து நின்று போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் படையினர் பெயரில் இருந்தன.

வீரத்தைப் பார்த்து வைத்திருந்தாலும் ஒரு நியாயம் சொல்லலாம். பட்டியலைப் பார்த்தால் அதற்கும் இடமில்லை. பிராக்ஸ்டன் பிராக், தன் கீழ் இருந்த தளபதிகளே வெறுத்த மனிதர். சாட்டனூகாவில் கையில் இருந்த மலைமுகட்டைக் கோட்டைவிட்டு ஓடியவர். லூசியானாவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தியவர். ஹென்றி பென்னிங் முதலில் வழக்கறிஞர், பிறகே படைவீரர். அடிமை முறையைக் காக்க ஜார்ஜியா பிரிந்து போகிறது, நீங்களும் வாருங்கள் என்று வர்ஜீனியாவுக்கே தூது சென்றவர். ஜார்ஜ் பிக்கெட், 1864இல் வட கரோலினாவின் கின்ஸ்டனில் பிடிபட்ட எதிர்த்தரப்பு வீரர்கள் 22 பேரைத் தூக்கிலிட்டுவிட்டு, போர் முடிந்ததும் விசாரணைக்கு அஞ்சிக் கனடாவுக்கு ஓடினார். லியோனிடஸ் போல்க் ஒரு பிஷப், நூற்றுக்கணக்கான அடிமைகளின் உடைமையாளர். எட்மண்ட் ரக்கர் தளபதிகூட இல்லை, கர்னல். ஊரார் மரியாதைக்கு ‘ஜெனரல்’ என்று அழைத்தார்கள். இவர்களில் ராணுவத் திறமைக்காகப் பேசப்படுபவர் லீ ஒருவர். 32 ஆண்டுகள் அமெரிக்க ராணுவத்தில் சம்பளம் வாங்கிவிட்டு, 1861 ஏப்ரலில் விலகி அதன்மீதே படை நடத்தியவர் அவர்.

இதெல்லாம் நூலகங்களில் கிடந்த செய்திதான். ஆனாலும் பெயர்கள் அசையவில்லை. கறுப்பின வீரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வாசல்களைக் கடந்து உள்ளே போய்ப் பயிற்சி பெற்று, கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் போய்ச் செத்தார்கள்.

2020 மே 25 அன்று மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலர் முழங்காலின்கீழ் இறந்தபோது கிளம்பிய அலை, சிலைகளைத் தாண்டி முகாம்களையும் தொட்டது. பிராக் முகாமில் பணியாற்றிய முன்னாள் தளபதி டேவிட் பெட்ரியஸ், பெயர்களை மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். முப்படைத் தலைமைத் தளபதி மார்க் மில்லி, தென்மாநிலக் கூட்டமைப்பு செய்தது துரோகம் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். அதிபர் டிரம்ப் மறுத்தார். பெயர் மாற்றத்தைப் பரிசீலிக்கவே மாட்டேன் என்றார்.

ஆண்டுதோறும் நிறைவேறும் பாதுகாப்புச் செலவினச் சட்டத்துக்குள் அந்த ஆண்டு 370ஆம் பிரிவு என்று ஒன்று நுழைந்தது. தென்மாநிலக் கூட்டமைப்பையோ, அதில் தாமாக முன்வந்து பணியாற்றிய எவரையுமோ பெருமைப்படுத்தும் பெயர், சின்னம், பலகை அனைத்தையும் மூன்று ஆண்டுகளுக்குள் ராணுவச் சொத்துகளிலிருந்து நீக்க வேண்டும் என்றது அது. 2020 டிசம்பர் 23 அன்று டிரம்ப் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். கீழவை 322க்கு 87 என்றும், 2021 புத்தாண்டு அன்று செனட் 81க்கு 13 என்றும் வாக்களித்து அந்தத் தடையை முறித்தன. அவருடைய முதல் ஆட்சியில் நாடாளுமன்றம் முறித்த ஒரே தடுப்பதிகாரம் இதுதான். ஆதரித்து வாக்களித்தவர்களில் அவருடைய கட்சிக்காரர்களும் கணிசம்.

எட்டுப் பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. தலைவர் மிஷெல் ஹவார்டு. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண், நான்கு நட்சத்திரத் தகுதி பெற்ற முதல் பெண் கடற்படை அட்மிரல். துணைத் தலைவர் டை சீடியூல், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் வரலாறு கற்பித்த ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஜெனரல். வர்ஜீனியாவில் லீயைத் தெய்வமாக எண்ணி வளர்ந்து, லீயின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்திலேயே படித்து, பிறகு ஆவணங்களைப் படித்து மனம் மாறியவர். மாற்றத்துக்கு எதிராகப் பேச வந்தவர்களுக்கு அவரைவிடக் கடினமான எதிராளி கிடைத்திருக்க மாட்டார். அவர்கள் சொல்லப்போவது அனைத்தும் அவர் ஒரு காலத்தில் நம்பியதுதான்.

ஆணையம் ஒன்பது முகாம்களுக்கும் நேரில் போனது. வீரர்கள், குடும்பத்தினர், அருகிலுள்ள ஊர்த் தலைவர்கள் எல்லாரிடமும் கேட்டது. பொதுமக்களிடமிருந்து 34,000க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்து குவிந்தன. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கழித்தால் 3,670 பெயர்கள். அதைச் சலித்துச் சலித்து 2022 மே மாதம் ஒன்பது பெயர்களை முன்வைத்தார்கள். 2023 மார்ச்சில் தொடங்கி அக்டோபருக்குள் ஒவ்வொரு முகாமிலும் பழைய பலகை இறங்கியது.

அந்த ஒன்பதில் முழுமையாகச் சொல்ல வேண்டிய கதை ஃபோர்ட் லீயுடையது. 2023 ஏப்ரல் 27 அன்று அது ‘ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ்’ ஆனது.

ஆர்தர் கிரெக் 1928இல் தென் கரோலினாவில் பிறந்தவர். 1946இல் சிப்பாயாகச் சேர்ந்து, 1950இல் அதிகாரியாகி, ஃபோர்ட் லீயில் வேலைக்கு வந்தார். ராணுவத்தில் நிறப் பிரிவினை ஒழிக என்று அதிபர் ட்ரூமன் 1948இலேயே ஆணையிட்டிருந்தார். ஆணை வாஷிங்டனில் இருந்தது. ஃபோர்ட் லீயின் அதிகாரிகள் மன்றத்துக்குள் கறுப்பின அதிகாரி நுழைய முடியாது என்பதே அங்கு நடைமுறை. தோளில் அதே பட்டை, கையில் அதே ஆணைப் பத்திரம், ஆனால் மாலையில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்க இடமில்லை. கிரெக் வேலையைப் பார்த்தார். உணவு, எரிபொருள், குண்டு, போர்வை என்று ஒரு படை உயிரோடிருக்கத் தேவையான எல்லாவற்றையும் உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் கொண்டு சேர்ப்பது அவர் துறை. வியட்நாமில் ஒரு பெரிய வழங்கல் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார். தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரல் நிலையை எட்டிய முதல் கறுப்பினர் அவர்தான். 1981இல் ஓய்வு பெற்றபோது விழா நடந்த இடம், தன்னை ஒரு காலத்தில் உள்ளே விடாத அதே மன்றம்.

பெயர்சூட்டு விழா நாளில் கிரெக் உயிரோடிருந்தார். 94 வயது. அண்மைக்கால அமெரிக்க வரலாற்றில், உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் ஒரு ராணுவ முகாமைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அந்த மன்றத்துக்கும் அவர் பெயரும் ஆடம்ஸ் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது.

அந்த ஆடம்ஸ், சாரிட்டி ஆடம்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது கடல் கடந்து அனுப்பப்பட்ட ஒரே பெரிய கறுப்பினப் பெண்கள் படைப்பிரிவின் தலைவர். 6888ஆவது மத்திய அஞ்சல் பட்டாலியன் என்பது அதன் பெயர். 855 பெண்கள். 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, கிடங்குகளில் கூரை தொடும் அளவுக்குக் கடிதங்களும் பொட்டலங்களும் குவிந்து கிடந்தன. ஒரு கோடியே எழுபது லட்சம் என்பது கணக்கு. ஐரோப்பாவில் போரிடும் வீரர்களுக்கு வீட்டிலிருந்து வந்தவை, மாதக்கணக்கில் போய்ச் சேராமல் தேங்கியவை. குளிர்காய வசதியில்லை. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஜன்னல்களில் கறுப்பு வண்ணம். கெட்டுப்போன கேக் பொட்டலங்களைத் தேடி எலிகள்.

முகவரி என்று எழுதியிருப்பதோ பல நேரம் ஒரு பெயர், அதற்குப் பக்கத்தில் ‘அமெரிக்க ராணுவம், ஐரோப்பா’. ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்கள். ஆடம்ஸின் பெண்கள் ஒவ்வொரு வீரருக்கும் அட்டை எழுதினார்கள். எழுபது லட்சம் அட்டைகள், ராணுவ எண்ணை வைத்து ஆளைப் பிரித்தறியும் முறை. நாளுக்கு மூன்று முறைவேலை, வாரத்தில் ஏழு நாளும். ஒரு முறைக்குச் சுமார் 65,000 கடிதங்கள். ஆறு மாதம் ஆகும் என்று மேலிடம் எண்ணிய வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள். இறந்துபோன மகனுக்கு வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்புவதும் அவர்கள் வேலைதான்.

ஒரு நாள் தளபதி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். இரவுமுறை வேலை முடிந்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அணிவகுப்புக்கு ஏன் வரவில்லை என்று சீறினார். இந்தப் பிரிவை எப்படி நடத்துவது என்று காட்ட ஒரு வெள்ளை லெப்டினன்ட்டை அனுப்புகிறேன் என்றார். என் பிணத்தைத் தாண்டித்தான் அவர் வர முடியும் என்ற பொருளில் பதில் சொன்னார் மேஜர் ஆடம்ஸ். வயது 26. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவேன் என்று மிரட்டினார் தளபதி. நிறவெறிப் பேச்சைத் தடை செய்யும் தலைமையக உத்தரவைக் காட்டிப் பதிலுக்கு வழக்குத் தொடுக்க ஆடம்ஸ் தயாரானார். தளபதி பின்வாங்கினார். லண்டனில் கறுப்பினப் பெண் வீரர்களுக்கென்று செஞ்சிலுவைச் சங்கம் தனி விடுதி ஒன்றை ஒழுங்குசெய்தபோது, தன் பெண்கள் யாரும் அங்கே தங்க மாட்டார்கள் என்று ஆடம்ஸ் மறுத்தார். மறுத்தபடியே நடந்தது.

போர் முடிந்து லெப்டினன்ட் கர்னலாக அவர் வெளியேறியபோது ஊர்வலமும் இல்லை, பாராட்டும் இல்லை. 2002இல் இறந்தார். அந்தப் பட்டாலியனுக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 2022இல்தான் வந்தது. 2024இல் வந்த டைலர் பெர்ரியின் ‘தி சிக்ஸ் ட்ரிபிள் எய்ட்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் பழகியிருக்கும்.

ஃபோர்ட் லீ, வழங்கல் கல்வி நடக்கும் முகாம். வழங்கல் துறையின் மிகச் சிறந்த தளபதி ஒருவர், அஞ்சல் மலையைக் கரைத்த அதிகாரி ஒருவர். ஆணையம் பெயரைத் தேடிய விதத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மற்றவற்றிலும் இந்தப் பொருத்தம் இருந்தது. அலபாமாவின் ஃபோர்ட் ரக்கர், ஹெலிகாப்டர் ஓட்டப் பழக்கும் இடம். அது மைக்கேல் நோவோசெல் பெயர் பெற்றது. குரோஷியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானி. வியட்நாம் போருக்குப் போக வேண்டும் என்பதற்காக விமானப்படை ரிசர்வில் இருந்த லெப்டினன்ட் கர்னல் பதவியை உதறிவிட்டு, தரைப்படையில் வாரண்ட் அதிகாரியாகக் கீழிறங்கி மருத்துவ ஹெலிகாப்டர் ஓட்டினார். 5,500க்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார். அவர் மகனும் அதே பிரிவில் விமானி. ஒரு வாரத்துக்குள் தந்தையை மகனும், மகனைத் தந்தையும் காப்பாற்றிய கதை அந்தக் குடும்பத்தில் உண்டு.

டெக்சஸின் ஃபோர்ட் ஹூட், ரிச்சர்ட் கவாசோஸ் பெயருக்கு மாறியது. மெக்சிக வம்சாவளி, கிங் ரேஞ்ச் மாட்டுப் பண்ணையில் பிறந்தவர். கொரியாவில் போர்ட்டோ ரிக்கோ வீரர்களின் 65ஆவது படைப்பிரிவில் இருந்தபோது, பின்வாங்க உத்தரவு வந்த பிறகும் தனியே திரும்பிப் போய்க் காயம்பட்ட ஐந்து பேரை மீட்டார். தரைப்படையின் முதல் லத்தீன அமெரிக்க வம்சாவளி நான்கு நட்சத்திரத் தளபதி ஆனார். அந்த முகாமிலேயே மூன்றாம் கோர் படைக்குத் தலைமை தாங்கியிருந்தார். இறந்து ஏழாண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியில், அந்தக் கொரியச் செயலுக்கு மெடல் ஆஃப் ஹானர் வந்தது. அதே ஆண்டு ஜூனில் முகாம் அவர் பெயரை இழந்தது.

லூசியானாவின் ஃபோர்ட் போல்க் ஹென்றி ஜான்சன் பெயருக்கு. ஆல்பனி ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கிய தொழிலாளி, ஐந்தடி நாலங்குல உயரம். கறுப்பின வீரர்களோடு தோளோடு தோள் நின்று போரிட அமெரிக்கப் படை விரும்பாததால், அவருடைய 369ஆவது ரெஜிமென்ட்டைப் பிரெஞ்சுப் படையிடம் கொடுத்துவிட்டார்கள். 1918 மே மாத இரவொன்றில் ஆர்கோன் காட்டில் காவலிருந்தபோது, இரண்டு டஜன் அளவிலான ஜெர்மானியர் சூழ்ந்தனர். குண்டு தீர்ந்தது, துப்பாக்கிக் கட்டை உடைந்தது, பிறகு வெட்டுக்கத்தி. உடம்பில் 21 காயங்கள். மயங்கிய தோழரை எதிரி இழுத்துச் செல்ல விடவில்லை. பிரான்ஸ் உடனே பதக்கம் தந்தது. சொந்த நாட்டின் விடுவிப்புச் சான்றிதழில் காயங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1929இல் இறந்தார். மெடல் ஆஃப் ஹானர் 2015இல்.

மேரி வாக்கர் கதை இன்னும் விசித்திரம். 1855இலேயே மருத்துவப் பட்டம் பெற்றவர், கால்சட்டை அணிந்ததற்காகப் பின்னாளில் கைதானவர். வடபடைக்கு அறுவை மருத்துவராகப் பணியாற்றும்போது 1864இல் தெற்கின் கையில் சிக்கி, ரிச்மண்ட் சிறையில் நான்கு மாதம் கிடந்தார். மெடல் ஆஃப் ஹானர் பெற்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான். 1917இல் விருதுப் பட்டியலைச் சீராக்குகிறோம் என்று 911 பேரை நீக்கினார்கள், அதில் அவரும் ஒருவர். திருப்பித் தாருங்கள் என்று கேட்டபோது தர மறுத்து, சாகும்வரை சட்டையில் குத்திக்கொண்டே நடந்தார். 1977இல் விருது மீட்டளிக்கப்பட்டது. அவரைச் சிறை வைத்த ரிச்மண்டுக்கு வடக்கே இருந்த ஃபோர்ட் ஏ.பி. ஹில், ஃபோர்ட் வாக்கர் ஆனது.

ஃபோர்ட் பிக்கெட்டுக்கு சாக்டா பழங்குடி வம்சாவளியினரான வான் பார்ஃபுட். 1944இல் இத்தாலியில் தனியாளாக இயந்திரத் துப்பாக்கி அரண்களை அடக்கி 17 பேரைச் சிறைப்பிடித்தவர். 90 வயதில், வீட்டு முற்றத்தில் கொடிக்கம்பம் நடக்கூடாது என்ற குடியிருப்போர் சங்கத்தோடு மல்லுக்கு நின்று அதிலும் வென்றவர். ஃபோர்ட் பென்னிங், தளபதி ஹால் மூர் – ஜூலியா மூர் தம்பதியின் பெயருக்கு மாறியது. வியட்நாமில் கணவர் போரிட்ட காலத்தில், வீரர்கள் இறந்த செய்தியை டாக்ஸி ஓட்டுநர் கையில் தந்தியாகக் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது. ஜூலியா அந்த வீடுகளுக்குத் தானே போய் நின்றார். ராணுவம் பிற்பாடு ஆளனுப்பிச் சொல்லும் முறைக்கு மாறியதில் அவருக்குப் பங்குண்டு.

எல்லாம் இப்படிச் சிறப்பாகவே அமைந்தது என்று சொல்ல முடியாது. ஃபோர்ட் கார்டனுக்கு ஐசன்ஹோவர் என்பது பாதுகாப்பான தேர்வு, ஆட்சேபிக்க ஆளில்லை. ஒன்பதில் பெரியதான ஃபோர்ட் பிராக்குக்கு மட்டும் மனிதப் பெயரே கிடைக்கவில்லை. வான்குடைப் படையும் சிறப்புப் படையும் நிறைந்த இடத்தில் எந்த ஒரு வீரரைச் சொன்னாலும் இன்னொரு பிரிவு வருந்தும் என்று தயங்கி, ‘ஃபோர்ட் லிபர்ட்டி’ என்று வைத்தார்கள். அது ஒட்டவே இல்லை. அங்கே பணியாற்றிய பலர் வீட்டில் பழைய பெயரையே சொன்னார்கள். முதலில் விழுந்ததும் அந்தப் பெயர்தான்.

2025 பிப்ரவரி 10 அன்று பாதுகாப்புத் துறை அமைச்சர் பீட் ஹெக்செத் ஒரு கையெழுத்தில் ஃபோர்ட் பிராக்கைத் திருப்பினார். 370ஆம் பிரிவு குறுக்கே நின்றது, பிராக்ஸ்டன் பிராக்குக்கு அந்தப் பெயரைத் தர முடியாது. ஆகவே ராணுவப் பதிவேடுகளில் இன்னொரு பிராக்கைக் கண்டுபிடித்தார்கள். மெயின் மாநிலத்துக்காரரான ரோலண்ட் பிராக், இரண்டாம் உலகப் போரில் வான்குடைச் சிப்பாய். எதிரியின் ஆம்புலன்ஸ் ஒன்றைக் கைப்பற்றி, காயம்பட்ட தோழரை ஏற்றிக்கொண்டு பெல்ஜியத்து மருத்துவமனைக்கு ஓட்டிப்போனவர். மார்ச்சில் பென்னிங்குக்கு நெப்ராஸ்காவின் ஃபிரெட் பென்னிங் கிடைத்தார். முதல் உலகப் போரில் மேலதிகாரிகள் வீழ்ந்தபின் எஞ்சிய 20 பேரை நடத்திப் போனவர், பிற்காலத்தில் தன் ஊருக்கு மேயர். ஜூனில் மீதி ஏழு. ஃபோர்ட் கார்டனுக்கு, 1993 மொகதிஷு சண்டையில் இறந்த கேரி கார்டன். ‘பிளாக் ஹாக் டவுன்’ படம் பார்த்தவர்கள் அறிவார்கள். ஹூட்டுக்கு ஒரு ராபர்ட் ஹூட், ரக்கருக்கு ஓர் எட்வர்ட் ரக்கர், பிக்கெட்டுக்கு ஒரு வெர்னன் பிக்கெட், போல்க்குக்கு ஒரு ஜேம்ஸ் போல்க்.

இவர்கள் யாரும் போலிகள் அல்லர். ஒவ்வொருவரும் பதக்கம் பெற்றவர், சிலர் உயிரையே கொடுத்தவர்கள். தேடிய வழிதான் தலைகீழ். 2022இல் ஆளைத் தேடினார்கள், ஆளோடு பெயர் வந்தது. 2025இல் குடும்பப் பெயர் முன்பே தீர்மானமாகிவிட்டது, அதற்கேற்ற ஆள் தேவைப்பட்டார். கல்யாண மண்டபம் பேசிவிட்டு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பியது போல. ரோலண்ட் பிராக்கின் குடும்பப் பெயர் பேட்டர்சன் என்றிருந்தால், அவருடைய ஆம்புலன்ஸ் கதையை இன்று யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அரசு இதை மறைத்ததாகவும் சொல்ல முடியாது. பழைய பெயர்களோடு போரில் வென்றோம், அந்தப் பெயர்களை விடமாட்டோம் என்பதே மேடைப் பேச்சின் சாரம். ‘ஃபோர்ட் ராபர்ட் ஈ. லீ’ என்று அதிபரின் வாயில் வந்ததைத் தடுமாற்றம் என்று மட்டும் ஒதுக்க முடியாததும் அதனால்தான்.

பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பார்த்தால் ஃபோர்ட் லீ விவகாரம் கூடுதலாக உறுத்தும். கறுப்பின வீரரின் பெயரைத்தானே வைத்திருக்கிறோம் என்று கேட்க வசதியாக, கிரெக்கும் ஆடம்ஸும் நீக்கப்பட்ட இடத்தில் ஃபிட்ஸ் லீ. அந்த மனிதரின் வாழ்வும் எளிதானதல்ல. முகாமுக்குப் பக்கத்து மாவட்டமான டின்விடியில் 1866இல் பிறந்து, ‘எருமைச் சிப்பாய்கள்’ எனப்பட்ட பத்தாவது குதிரைப்படையில் சேர்ந்தார். 1899இல் விருது பெற்ற அதே ஆண்டு, பார்வை இழந்து, ஏழ்மையில் கான்சஸில் இறந்தார். ஒரு முகாமுக்குப் பெயராகும் தகுதி அவருக்கு உண்டு. ஆனால் 126 ஆண்டுகள் யாருக்கும் நினைவு வராமல், இன்னொரு லீயின் பெயர் பலகையில் திரும்பத் தேவைப்பட்ட அன்று நினைவு வந்தார். ஆர்தர் கிரெக் இதைப் பார்க்கவில்லை. 2024 ஆகஸ்டில், 96 வயதில் காலமாகியிருந்தார்.

செலவுக் கணக்கும் உண்டு. ஒன்பது முகாம்களின் முதல் மாற்றத்துக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் ஆகும் என்று ஆணையம் மதிப்பிட்டிருந்தது. நெடுஞ்சாலைப் பலகை, காவலர் சீருடைச் சின்னம், கடிதத்தாள், கணினிப் பதிவு என அனைத்தும் இரண்டே ஆண்டில் மறுபடி மாறின.

கடைசியாக ஃபோர்ட் ஏ.பி. ஹில். அந்தத் தளபதி ஆம்புரோஸ் பவல் ஹில், லீ சரணடைவதற்கு ஒரு வாரம் முன்பு பீட்டர்ஸ்பர்க்கில் சுடப்பட்டு இறந்தவர். ஏ, பி, ஹில் என்ற மூன்றையும் ஒரே ஆளிடம் கண்டுபிடிக்க முடியவில்லை போலும், மூன்று பேரைச் சேர்த்தார்கள். ஏ என்பது புரூஸ் ஆண்டர்சன், பி என்பது ராபர்ட் பின், ஹில் என்பது எட்வர்ட் ஹில். மூவருமே உள்நாட்டுப் போரில் வடபடையின் வீரர்கள், மூவருமே மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர்கள். ஆண்டர்சனும் பின்னும் கறுப்பினர். பின், தன் கம்பெனியின் அதிகாரிகள் எல்லாரும் வீழ்ந்தபின் ரிச்மண்ட் அருகே சாஃபின்ஸ் பண்ணைச் சண்டையில் தலைமையேற்று நடத்தி, கைப் பயனை இழந்து, பின்னாளில் ஒஹையோவில் வழக்கறிஞரானார். தளபதி ஹில் அடிமைகளாகவே வைத்திருக்கப் போரிட்ட இனத்தைச் சேர்ந்த இருவரின் முதலெழுத்துகள் இன்று அவருடைய பழைய பெயரின் முதலெழுத்துகளாக நிற்கின்றன. நெடுஞ்சாலையில் போகிறவர் கண்ணுக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

முகாம்களோடு ஆணையம் நிற்கவில்லை, கப்பல்களையும் தொட்டது. லீயின் மிகப் பெரிய வெற்றியின் பெயர் தாங்கிய ‘சான்சலர்ஸ்வில்’ என்ற போர்க்கப்பல், 2023 மார்ச்சில் ‘ராபர்ட் ஸ்மால்ஸ்’ ஆனது. 1862 மே மாதத்து விடியற்காலையில் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து, தன்னை அடிமைப்படுத்தியவர்களின் கப்பலையே குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு தப்பிய அந்த மாலுமியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)